ஹோல்பீம் எழுத்து

நீங்கள் புதன்கிழமை வந்தது நல்லதாகப் போயிற்று. இந்தத் தர்ம விடுதியில் மற்ற நாள்களில் ஊற்றும் கஞ்சியை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். புதன்கிழமை மட்டும் பட்டாணியில் பன்றிக்கொழுப்பைப் போட்டு நன்றாகக் காய்ச்சுவார்கள். ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கலாமா? வேண்டாமா? சரி, உங்கள் விருப்பம்.

ஜெர்வேஸ் ஹோல்பீமின் வாழ்க்கையை எழுதப் போகிறீர்கள் என்று வார்டன் சொன்னார். டச்சுக்காரனிடம் அச்செழுத்து வாங்கி அச்சடித்துக்கொண்டிருந்த இங்கிலாந்துக்குச் சொந்தமாக ஓர் எழுத்தைக் கொடுத்தவர். அதை வரைந்து, எஃகில் வெட்டி, ஈயத்தில் வார்த்தவர். பொய்யான ராஜத்துரோகக் குற்றத்தில் தூக்கிலிடப்பட்டவர். இப்படித்தானே குறித்து வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலும் சரி. வரைந்தது அவர்தான். வெட்டியது நான்.

என் பெயர் ஒபதியா ஸ்கீல். எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் கேளுங்கள், சொல்கிறேன். பலருக்குத் தெரியாது.

நாங்கள் இருவரும் ஆல்டர்ஸ்கேட்டில் ஒரே வார்ப்புக்காரரிடம் தொழில் பழகியவர்கள். ஒரே படுக்கை, ஒரே போர்வை, ஒரே தட்டு. அப்போது எனக்கு அவன் ‘அவன்’தான். பிறகு அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை வந்தது. நான் பாராளுமன்றப் படையில் சேர்ந்து அரசருக்கு எதிராக எட்டு வருஷம் துப்பாக்கி தூக்கினேன். திரும்பி வந்தபோது ஜெர்வேஸ் லிட்டில் பிரிட்டன் தெருவில் சொந்த அச்சகம் வைத்திருந்தான். வாசலில் என்னைப் பார்த்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

“ஓபி, உனக்காகத்தான்டா ஜன்னலோரத்து மேஜையைக் காலியா வெச்சிருக்கேன். எத்தனை பேர் கேட்டாங்க தெரியுமா, குடுக்கலையே!”

மறுநாள் நாலு பேர் எதிரில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வேலையாட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவர். முதலாளி. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் மாற்றிக்கொண்டேன். ஆனால் அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

எழுத்து வெட்டுவது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. விரல் நீளத்துக்கு ஓர் எஃகுத் துண்டு. அதன் நுனியில், பார்லி மணியைவிடச் சின்ன இடத்தில், எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அரத்தை ஒரு தடவை அதிகமாக இழுத்தால் மூன்று நாள் வேலை போயிற்று. பிறகு அதைச் செம்பில் அடித்துக் குழியாக்கி, குழியில் ஈயத்தை ஊற்றினால் எழுத்து. எத்தனை ஆயிரம் எழுத்து வார்த்தாலும் எல்லாமே அந்த ஒரு துண்டின் பிள்ளைகள். முதலாளி காகிதத்தில் வரைந்து கொடுப்பார். காகிதத்தில் கோடு எப்படி வேண்டுமானாலும் வளையும். எஃகில் அதை நிற்க வைப்பது வேறு காரியம். ஒன்பது வருஷம் வெட்டினேன். பெரியதும் சின்னதும் சாய்ந்ததுமாக ஐந்து வரிசை. முடித்தபோது என் இடது கண்ணில் பனி விழுந்த மாதிரி ஆகிவிட்டிருந்தது.

வெட்டிய வரிசைகளையெல்லாம் காட்டும் எழுத்து மாதிரித் தாளை முதலாளி அச்சிட்டார். ஊரெல்லாம் புத்தகக்காரர்களுக்குப் போயிற்று. கீழே ஒரு வரி: ‘ஜெர்வேஸ் ஹோல்பீமின் எழுத்துகள்.’ அவ்வளவுதான்.

நான் கேட்டேன். மறைக்கவில்லை. “முதலாளி, வெட்டினவன் பேரும் ஓரமா இருந்தா என்ன?”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “ஓபி, அரசர் திரும்பி வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. அச்சகத்துக்கு அச்சகம் சோதனை போடறானுங்க. நீ எந்தப் படையில இருந்தேன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். உன் பேரு தாள்ல வந்தா மறுநாளே வாசல்ல வந்து நிப்பான். உன் கையில வேலை செய்ய லைசென்ஸ் இருக்கா? இல்லை. கொஞ்சம் பொறுடா. நான் பாத்துக்கறேன்.”

நல்ல பேச்சு. எப்போதுமே நன்றாகப் பேசுவார். நான் பொறுத்தேன்.

அடுத்த வருஷம் அச்சகத்தார் சங்கத்தின் விருந்து. முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாத்து வறுவல், ஒயின், மெழுகுவத்தி, சங்கிலி போட்ட பெரிய மனிதர்கள். அரண்மனைக்கு அச்சடிக்கிற ஒருவர், பெயர் வேண்டாம், என்னைக் காட்டி, “ஹோல்பீம், பக்கத்துல உக்காந்திருக்கறது யாரு? பேரு என்ன?” என்றார். மேஜை முழுவதும் என்னைப் பார்த்தது. முதலாளி நன்றாகக் குடித்திருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

“இவனா? இது என் வலது கை. கைக்குப் பேரு வெச்சுக் கூப்பிடுவீங்களா நீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். எதிரிலிருந்த ஒரு கிழவர், “அப்ப ஒயின் குடிக்கறதும் இதே கைதானா, இல்ல அதுக்கு வேற ஆள் வெச்சிருக்கியா?” என்றார். இன்னும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மரியாதைக்காக.

எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் அப்படி எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மறுநாள் காலையில் சந்தைக்குப் போய் ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை வாங்கினேன். திரும்பி வரும்போதே என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. அந்த எழுத்துகளெல்லாம் தன்னுடையவை என்று லண்டன் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சரி. ஒரு நாள் வரட்டும், அப்போதும் அவருடையவையாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நான் எதையும் விரும்பவில்லை.

ஒரு வருஷம் காத்திருந்தேன். ஓடிப்போன பழைய சிப்பாய்கள் அப்போது மூர்ஃபீல்ட்ஸ் பக்கம் கையால் எழுதிய தாள்களைச் சுற்றுக்கு விடுவார்கள். அப்படி ஒன்று என் கைக்கு வந்தது. கொடுங்கோல் அரசனைக் கொல்வது குடிமக்களின் கடமை என்று வேத வாக்கியங்களோடு எழுதியிருந்தது. எழுத்தாளனுக்கு இலக்கணம் சுமார்தான். நான் சில இடங்களில் திருத்தினேன்.

தலைப்புக்கான பெரிய அளவில் ‘ஆர்’ எழுத்து அச்சகத்தில் மொத்தமே நான்குதான் இருந்தது. ஆகஸ்ட் நடுவில் ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், நான்கையும் எடுத்து அவற்றின் காலில் அரத்தை வைத்தேன். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில், மயிரிழை அளவு. எனக்கு அது சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மூன்றாவதுக்கு முன்னால் அரத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அவை நான் பெற்றவை அல்லவா. பெட்டியில் பழையபடி போட்டுவிட்டேன்.

அந்த வாரம் ஒரு பாதிரியாரின் பிரசங்கப் புத்தகம் அச்சில் இருந்தது. அச்சுக்கோப்பவன் டோபியாஸ் ரென்ச் தலைப்புப் பக்கத்தைக் கோத்துவிட்டு, “முதலாளி, இந்த ஆர் எல்லாம் அடிபட்ட மாதிரி இருக்கு” என்றான். முதலாளி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இப்போதைக்கு அடி. ஓபியைப் புதுசா வார்க்கச் சொல்லலாம். இன்னிக்கே சொல்லாதே, அவனுக்குக் கண்ணு வலி” என்றார். நான் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தேன். பிரசங்கம் அந்த ஆர்களோடு வெளியே போயிற்று.

ஆகஸ்ட் கடைசியில் வருஷா வருஷம் முதலாளி வேலையாட்களுக்கு விருந்து வைப்பார். அச்சகத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் இஸ்லிங்டனுக்குப் போய்ப் பகல் முழுவதும் வாத்தும் பீருமாக இருந்துவிட்டு வருவார்கள். நான் பல்வலி என்று சொல்லிவிட்டேன். சாவி என்னிடமும் ஒன்று இருந்தது. வெயில் நன்றாக அடித்த நாள். ஜன்னல் வெளிச்சத்தில் தனியாகக் கோத்து, தனியாக மை தடவி, தனியாகக் கைப்பிடியை இழுத்து, அறுபது தாள்கள் அடித்தேன். அச்சு எந்திரத்தில் இரண்டு ஆள் வேலையை ஓர் ஆள் செய்வது முதுகுக்குக் கஷ்டம். தலைப்பில் நான்கு ஆர் வருகிற மாதிரி வார்த்தைகளை அமைத்திருந்தேன். அழகான தாள். இப்போது ஒன்று கிடைத்தால் காட்டுவேன். அவ்வளவு சுத்தமாக அந்த எழுத்துகளை அதற்கு முன்னால் யாரும் அச்சடித்ததில்லை.

தாள்களை மூன்று சாராயக் கடைகளில் பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டு வந்தேன்.

பத்து நாளில் சோதனை அதிகாரி வந்தார். ஹோல்பீமிடம் இல்லை, என் வீட்டுக்கு, என்னிடம். லண்டனில் எழுத்தைப் பார்த்தே அடித்த அச்சகத்தைச் சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர்தான். ஒருவருக்குப் பக்கவாதம், ஒருவர் செத்துப்போயிருந்தார். மூன்றாவது நான். அதிகாரி அந்தத் தாளை மேஜைமேல் வைத்தார்.

“இது யாரு எழுத்துய்யா?”

“தெரியலைங்க.”

“தெரியலையா, சொல்ல மனசு வரலையா?”

“ரொம்ப நாள் அவர் உப்பைத் தின்னவன் நான்.”

“அப்ப தெரியும்.”

மூன்றாவது தடவை கேட்டபோது பூதக்கண்ணாடியை எடுத்தேன். பிரசங்கப் புத்தகத்தையும் எடுத்து வைத்தேன். நான்கு ஆர்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது. அதுவரை என் வேலையை அவ்வளவு உன்னிப்பாக யாரும் பார்த்ததில்லை.

அன்று மத்தியானமே ஹோல்பீமைக் கொண்டு போனார்கள். நான் தெருமுனைக் கடையில் விலாங்கு மீன் அடைத்த ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது.

டோபியாஸ் ரென்ச்சையும் பிடித்தார்கள். கோத்தது அவனாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டார்கள். அதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். சிறையில் ஜுரம் வந்து விசாரணைக்கு முன்பே இறந்துபோனான். நாலு பிள்ளைகள். ஒரு முழுப் பாலாடைக்கட்டி வாங்கி அனுப்பினேன்.

விசாரணை ஜனவரியில் நடந்தது. ராஜத்துரோக வழக்கில் குற்றவாளிக்கு வக்கீல் கிடையாது. சாட்சியை அவரே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தைப் பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, கவனியுங்கள். பேசி முடித்ததும் நீதிபதி அவரைப் பார்த்தார்.

“சாட்சியை ஏதாவது கேக்கணுமா?”

கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. அச்சகத்துக்கு இன்னொரு சாவி யாரிடம்? விருந்தன்று வராதவன் யார்? அரசருக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவன் யார்? அவருக்கு எல்லாம் தெரியும். சிறையில் இளைத்து, தாடி வளர்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னை வெகு நேரம் பார்த்தார்.

“மிஸ்டர் ஸ்கீல், உங்க கண்ணு இப்ப எப்படி இருக்கு?” என்றார்.

சபை சிரித்தது. கண் தெரியாதவன் சாட்சி என்று என்னை மட்டம் தட்டப் பார்க்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். “வேலைக்குப் போதுமான அளவு தெரியுதுங்க” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

நீதிபதி தாளைத் தூக்கிக் காட்டினார். “இந்த எழுத்து உன்னுடையதா? இதை உண்டாக்குனதுல வேற யாருக்காவது பங்கு இருக்கா? யோசிச்சுச் சொல்லு. உன் உயிரு அதுல இருக்கு.”

அந்த இடத்துக்காகத்தான் நான் ஒரு வருஷம் உழைத்திருந்தேன். சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ‘வெட்டியது ஸ்கீல்’ என்று இரண்டு வார்த்தை. சொன்னால் நானும் மாட்டிக்கொள்வேன், தெரியும். இருந்தாலும் அந்தச் சபையில், எழுதிக்கொள்கிற குமாஸ்தாக்களுக்கு நடுவில், அவர் வாயால் அது வந்தாக வேண்டும் என்று எனக்கு இருந்தது.

“எல்லாம் என்னுடையது, ஐயா. மொதல்லேருந்து கடைசி வரைக்கும். வேற யாரும் கை வைக்கலை” என்றார்.

பாருங்கள், கழுத்தில் கயிறு விழப்போகிற நேரத்திலும் அந்த மனிதருக்குப் பெருமை விடவில்லை.

தூக்குமேடை இருந்த டைபர்னுக்கு நான் போயிருந்தேன். நல்ல இடமாகப் பார்த்து முன்னாலேயே நின்றேன். ராஜத்துரோகிகளுக்கு வெறும் தூக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உயிர் இருக்கும்போதே இறக்கி, மீதியைச் செய்வார்கள். பக்கத்தில் ஒரு குடும்பம் ஹேசல் கொட்டை உடைத்துத் தின்றுகொண்டிருந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவருடைய வலது கையை எடுத்துக் காட்டினார்கள். அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வயதில் அதே கை என் போர்வையை இழுத்துக்கொண்டதுண்டு. திருப்தியாக இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து அவருடைய மனைவி டாமரிஸ் வந்தாள். கறுப்பு உடை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சுருட்டிய தாள் ஒன்றை நீட்டினாள்.

“இதை உங்ககிட்டக் குடுக்கணும்னு சொல்லியனுப்பினார்.”

எழுத்து மாதிரித் தாள். புதியது. கீழே, தலைப்பு அளவுப் பெரிய எழுத்தில் தனி வரியாக: ‘இந்த எழுத்துகளை வெட்டியவர் ஒபதியா ஸ்கீல்.’

“ஜூலைல அடிச்சு வெச்சது” என்றாள். “கிறிஸ்துமஸுக்குப் பைபிளோட சேத்து வெளியிடணும்னு இருந்தார். உங்க பேர்ல ஒரு தொந்தரவும் வராதுன்னு எழுத்து மூலமா வாங்கறதுக்கு அரசருக்கு வேண்டிய ஒரு பிரபு வீட்டு வாசலுக்கு எத்தனை தடவை நடந்தார் தெரியுமா? அன்னிக்கு விருந்துல குடிச்சுட்டு ஏதோ உளறிட்டேன், ஓபி மூஞ்சி மாறிடுச்சுன்னு மருகிக்கிட்டே இருந்தார்.”

அவள் போகத் திரும்பியவள் நின்றாள்.

“இஸ்லிங்டனுக்குப் போன அன்னிக்கு உங்களுக்குப் பல்வலின்னு சொன்னீங்களாம். கிராம்புத் தைலம் குடுத்தனுப்பினார். நம்ம வேலைக்காரி உங்க வீட்டுக் கதவை இடிச்சு இடிச்சுப் பாத்துட்டு, ஆள் இல்லைன்னு திரும்பி வந்துட்டா.”

“தூங்கிட்டேன்மா.”

“அவரும் அப்படித்தான் சொன்னார். சிறையில நான் இதைச் சொன்னப்ப, கதவை நல்லா இடிச்சாளான்னு ரெண்டு தடவை கேட்டார். அப்புறம், ‘பாவம், தூங்கியிருப்பான். நீ யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காதே’ன்னார்.”

போய்விட்டாள். அந்த வருஷமே கொள்ளைநோயில் அவளும் போனாள்.

நான் தாளை மேஜையில் விரித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தலைப்பு வரிகளில் ஆர் மூன்று இடத்தில் வந்திருந்தது. மூன்றுக்கும் கால் முழுசாக இருந்தது. நான் அரம் வைத்ததற்கு முன்னால் அடித்த தாள்தான் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் துக்கத்தில் இருக்கிற பெண் எதையும் செய்வாள். எங்காவது ஒரு புத்தகக்காரனிடம் பழைய எழுத்தை வாங்கி அடித்திருக்கலாம். என்னை நோகடிக்க வேண்டும் என்று நினைத்திருக்கலாம். அப்படி எழுத்து வெளியே யாரிடமும் இருந்ததில்லை என்பது உண்மைதான், இருந்தாலும் இருந்திருக்கலாம். முப்பது வருஷமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன், அதற்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. தாளை அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். அரசர் மாறினார், காலம் மாறியது, ஹோல்பீம் தியாகி ஆகிவிட்டார். பைபிளும் அந்த எழுத்தில், சட்டமும் அந்த எழுத்தில், குழந்தைகளின் அரிச்சுவடியும் அந்த எழுத்தில். அச்சடிக்கிறவர்கள் ‘ஹோல்பீம் எழுத்து’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அவரைக் கொன்றிருக்காவிட்டால் இவ்வளவு புகழ் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். வேண்டாம், எழுதுங்கள். கான்ஸ்டபிளைக் கூப்பிடுவதானால் கூப்பிடுங்கள், எனக்கு எழுபத்தெட்டு வயது, எங்கும் ஓடப்போவதில்லை. அந்தத் தாள்களை அச்சிட்டது ஒபதியா ஸ்கீல். அந்த எழுத்துகளை வெட்டியதும் ஒபதியா ஸ்கீல். இரண்டையும் ஒரே வரியில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் இரண்டாவதை விட்டுவிடுவீர்கள்.

ஏன் செய்தாய் என்று உங்கள் முகம் கேட்கிறது. இவ்வளவு நேரம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீதிபதி வாய்விட்டுக் கேட்டார், உயிர் போகிற நேரம், நான் எதிரிலேயே நிற்கிறேன். அப்போதும் அவன் என் பெயரைச் சொல்லவே இல்லை.